கருமுட்டை வெளிவரும் நாளைக் கணிக்கும் நான்கு வழிகள்: சிகிச்சைக் காலத்தில் எது யாருக்குப் பொருந்தும்?

குழந்தைக்காகச் சிகிச்சை தொடங்கும் தம்பதியர் பலரை மருந்தைவிட நாள் குறிப்பதுதான் அதிகம் குழப்புகிறது. கருமுட்டையை வளர்க்கும் மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டாயிற்று. இனி வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையை வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா, ஃபாலிக்குலர் ஸ்டடி எனப்படும் தொடர் ஸ்கேனுக்குப் போயே ஆக வேண்டுமா, முட்டை வெடிப்பதற்கான ஊசியும் போட்டுக்கொண்டால்தான் பலன் உண்டா, அல்லது நாள் எதுவும் பார்க்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் உறவு வைத்துக்கொண்டாலே போதுமா என்ற நான்கு வழிகளுக்கு நடுவே அவர்கள் நிற்கிறார்கள். எது மிகத் துல்லியமோ அதுவே மிகச் சிறந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் எவ்வளவு துல்லியம் தேவை என்பது, விந்தணு எந்த வழியாகக் கருப்பைக்குள் செல்கிறது, உடலில் எந்த மருந்து வேலை செய்கிறது என்ற இரண்டையும் பொறுத்தது. இந்த இரண்டையும் பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் தேவையில்லாத இடத்தில் அலைகிறார்கள், தேவையான இடத்தில் கோட்டை விடுகிறார்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது

சினைப்பையிலிருந்து வெளிவந்த கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம் வரைதான் கருத்தரிக்கும் தகுதியோடு இருக்கிறது. விந்தணுவோ, கருப்பை வாயில் நல்ல சளி சுரக்கும் நாள்களில் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். வில்காக்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 221 பெண்களிடம், கருமுட்டை வெளிவரும் நாளோடு முடிகிற ஆறு நாள்களுக்குள் நடந்த உறவால் மட்டுமே கரு உண்டாகியிருந்தது. அந்த ஆறில் முதல் நாளில் ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்த வாய்ப்பு, கடைசி நாளில் 33 விழுக்காட்டை எட்டியது. அவர்கள் சிகிச்சையில் இருந்தவர்கள் அல்லர் என்பதால் அந்த விழுக்காடுகளை அப்படியே நம் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் அந்த ஆறு நாள் அமைப்பு சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். முந்திக்கொண்டால் இழப்பு சிறிது, பிந்திவிட்டால் அந்த மாதமே போய்விடும் என்பதுதான் அதிலிருந்து தெரியும் செய்தி.

இதிலிருந்து நான்கு அளவுகோல்கள் கிடைக்கின்றன. முதலாவது, அந்த வழி கருமுட்டை வெளிவருவதை முன்கூட்டியே சொல்கிறதா, நடந்து முடிந்த பிறகு சொல்கிறதா என்பது. இரண்டாவது, சிகிச்சைக்குக் கொடுக்கும் மருந்தே அதன் கணிப்பைக் குழப்புமா என்பது. மூன்றாவது, எத்தனை முட்டைகள் வளர்ந்திருக்கின்றன என்பதைக் காட்டுமா என்பது. நாள் கணிப்பைப் பற்றி மட்டும் பேசுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிற அளவுகோல் இதுதான், என் பார்வையில் சிகிச்சையின்போது மற்ற மூன்றையும்விட முக்கியமானதும் இதுவே. நான்காவது, உடலும் மனமும் இல்லறமும் அதனால் சுமக்கும் பாரம்.

வழி 1: நாள் பார்க்காமல், ஒருநாள் விட்டு ஒருநாள்

மாதவிலக்கின் உதிரப்போக்கு நின்ற நாள் முதல் ஒருநாள் விட்டு ஒருநாள் உறவு வைத்துக்கொண்டால், கருமுட்டை எந்த நாளில் வெளிவந்தாலும் அதற்கு முந்தைய இரண்டு நாள்களில் ஒன்றாவது வாய்த்துவிடும். இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை உறவு கொள்ளும் தம்பதியரில், பெண்ணின் வயது 40க்குக் கீழ் இருந்தால், நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் ஓராண்டுக்குள் கருத்தரிக்கிறார்கள் என்பதையே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது. எந்தக் கருவியையும் நம்பாத வழி என்பதால் மருந்து இதைக் குழப்ப முடியாது.

சிகிச்சையில் இருப்பவர்கள் இதை இன்னும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். முட்டையை வளர்க்கும் மாத்திரையான குளோமிஃபீனைச் சாப்பிடுபவர்களுக்குக் கடைசி மாத்திரைக்குப் பிறகு 5 முதல் 10 நாள்களுக்குள் கருமுட்டை வெளிவருவது வழக்கம். எனவே கடைசி மாத்திரையிலிருந்து மூன்றாம் நாளில் தொடங்கி ஒரு பத்து நாள் இப்படி இருந்தால் போதும். பத்து நாள் ‘சேர்த்து வைத்தால்’ விந்தின் வலிமை கூடும் என்று எண்ணி விலகியிருப்பவர்கள் உண்டு. நீண்ட இடைவெளி விந்தணுக்களின் தரத்தைக் குறைக்கவே செய்யும். இயல்பான எண்ணிக்கை உள்ளவர்களுக்கு அன்றாட உறவாலும் குறைவு நேர்வதில்லை.

கைப்பேசிச் செயலி காட்டும் 14ஆம் நாளை மட்டும் நம்புவதை இந்த வழியோடு சேர்த்து எண்ணக் கூடாது. அது நாள் பார்க்காமல் இருப்பதைவிட மோசமானது. அதே வில்காக்ஸ் குழு 2000இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பாடநூல்கள் சொல்லும் 10ஆம் நாள் முதல் 17ஆம் நாள் வரையிலான எல்லைக்குள் கருத்தரிக்கக்கூடிய நாள்கள் முழுவதும் அடங்கியவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் மட்டுமே. செயலி கடந்த மாதங்களின் சராசரியைத்தான் சொல்கிறது. இந்த மாத மருந்துக்குச் சினைப்பை எப்படி நடந்துகொள்ளும் என்பது அதற்குத் தெரியாது.

இந்த வழியின் மறைவான விலை இரண்டு. கருமுட்டை வெளிவந்ததா இல்லையா என்பதே தெரியாமல் மாதங்கள் கழியலாம். அடுத்த மாதவிலக்கை எதிர்பார்க்கும் நாளுக்கு ஏழு நாள் முன்னதாக, அதாவது 28 நாள் சுழற்சியில் 21ஆம் நாளில், முட்டை வெளிவந்த பிறகு கூடும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனின் அளவை இரத்தத்தில் பார்த்தால் இந்தக் குறை தீரும். ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது என்று பொருள். மற்றொரு குறை தீராதது: எத்தனை முட்டைகள் வளர்ந்தன என்பதை இது காட்டாது. எனவே மருந்துக்கு உடல் எப்படி இணங்குகிறது என்பது முன்பே ஸ்கேனில் தெரிந்து, அதே அளவு மருந்தைத் தொடர்பவர்களுக்கே இது ஏற்றது. பணிநிமித்தம் பிரிந்து வாழ்பவர்களுக்கும், நாள் குறித்த உறவாலேயே ஆணுக்கு விறைப்புத் தளர்ச்சி ஏற்படுகிற வீடுகளுக்கும் வேறு வேறு விடைகள்: முதலாமவருக்கு இது உதவாது, இரண்டாமவருக்கு இதுவே மருந்து.

வழி 2: சிறுநீர்ப் பட்டை

கருமுட்டை வெளிவருவதற்கு முன் மூளையடிச் சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை ஒரேயடியாக வெளியிடுகிறது. இரத்தத்தில் அந்த ஏற்றம் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். சிறுநீரில் அது சில மணி நேரம் தாமதமாகத் தெரிவதால், பட்டையில் பரிசோதனைக் கோடு ஒப்பீட்டுக் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ அழுத்தமாகத் தெரிந்ததிலிருந்து ஒன்றிரண்டு நாள்களுக்குள் முட்டையை எதிர்பார்க்கலாம். முன்கூட்டிச் சொல்வது என்ற முதல் அளவுகோலில் வீட்டிலிருந்தபடியே தேறுகிற கருவி இது. ஓராண்டுக்கும் குறைவாக முயன்றுகொண்டிருந்த, 40 வயதுக்குட்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளை 2023இல் தொகுத்த காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு, பட்டை பார்க்காதவர்களில் 100 பேரில் 18 பேருக்குக் கரு நின்றால் பட்டை பார்த்தவர்களில் 20 முதல் 28 பேருக்கு நிற்கலாம் என்று மதிப்பிட்டது. நல்ல ஆதாயம்தான், ஆனால் அது சிகிச்சைக்கு முந்தைய நிலையில் இருப்பவர்களின் ஆதாயம்.

சிகிச்சை தொடங்கியதும் பட்டையின் நம்பகம் மூன்று இடங்களில் தடுமாறுகிறது. குளோமிஃபீன் முட்டையை வளர்க்கும் ஹார்மோனோடு எல்.எச். அளவையும் உயர்த்துவதால், மாத்திரை சாப்பிடும் நாள்களிலும் அதையடுத்த ஓரிரு நாள்களிலும் பார்த்தால் பொய்யாக அழுத்தமான கோடு வரும். கடைசி மாத்திரைக்கு மூன்று நாள் கழித்தே பார்க்கத் தொடங்க வேண்டும். பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களில் பலருக்கு எல்.எச். எப்போதுமே சற்று உயர்ந்திருப்பதால் வாரக்கணக்கில் கோடு அழுத்தமாகவே இருக்கலாம், அல்லது ஒரே மாதத்தில் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கலாம். முட்டை வெடிக்கும் ஊசியாகப் போடப்படும் எச்.சி.ஜி., எல்.எச். ஹார்மோனோடு வடிவ ஒற்றுமை உள்ளது. ஊசிக்குப் பிறகு பட்டை காட்டுவது ஊசியையே ஒழிய உடலை அன்று. இவை போக, எல்.எச். ஏறியும் முட்டை வெடிக்காமல் பைக்குள்ளேயே தங்கிவிடும் நிலையும் சிலருக்கு உண்டு.

பயன்படுத்தும் விதத்தில் நடக்கும் பிழைதான் இதைவிடப் பெரியது. கோடு அழுத்தமாகும் வரை உறவைத் தள்ளிவைத்திருந்து, வந்த அன்று ஒரே ஒரு முறை முயல்பவர்கள், ஆறு நாள் வாய்ப்பில் நான்கை வேண்டுமென்றே கைவிடுகிறார்கள். பட்டை பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்தே ஒருநாள் விட்டு ஒருநாள் இருந்து, கோடு அழுத்தமான அன்றும் மறுநாளும் தவறாமல் இருப்பதே அதன் முழுப் பயன். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் கோடு மங்கும் என்பதால், அதற்கு முன் இரண்டு மணி நேரமாவது நீரைக் குறைத்துக்கொண்டு, அன்றாடம் ஒரே நேரத்தில் பார்ப்பது நல்லது.

சுழற்சி ஓரளவு ஒழுங்காக உள்ளவர்களுக்கும், முதல் மாதம் ஸ்கேனில் ஒன்று அல்லது இரண்டு முட்டைகளே வளர்வது உறுதியாகி லெட்ரோசோல் போன்ற மாத்திரையைத் தொடர்பவர்களுக்கும் பட்டை போதுமானது. சுழற்சி 40, 50 நாள் நீள்பவர்களுக்கு அது பட்டைகளையும் மன நிம்மதியையும் வீணாக்கும்.

உடல் வெப்பமும் சளியும்

காலையில் எழுந்ததும் எடுக்கும் உடல் வெப்பநிலை, முட்டை வெளிவந்த பிறகே 0.3 முதல் 0.5 செல்சியஸ் பாகை வரை உயர்கிறது. அந்த மாதத்துக்கு அது உதவாது. புரோஜெஸ்டிரான் மருந்து எடுப்பவர்களுக்கு அந்த மருந்தே வெப்பநிலையை உயர்த்துவதால் பின்னோக்கிப் பார்க்கவும் உதவாது. முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக நீளும் கருப்பைவாய்ச் சளி நல்ல முன்னறிவிப்பு, குளோமிஃபீன் அதை வற்றச் செய்யாதவரை. இவை துணைக்கு இருக்கலாம். சிகிச்சையின்போது இவற்றை மட்டும் நம்பி நாள் குறிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வழி 3: ஃபாலிக்குலர் ஸ்டடி

மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் ஓர் அடிப்படை ஸ்கேன், பிறகு ஒன்பதாம் பத்தாம் நாள் வாக்கில் தொடங்கி இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஸ்கேன் என்பது இதன் வழக்கமான நடைமுறை. பெரும்பாலும் பிறப்புறுப்பின் வழியாக எடுக்கப்படும் இந்த ஸ்கேனில், முட்டையைத் தாங்கிய நீர்ப்பை நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை வளர்வதைக் காணலாம். 18 மில்லிமீட்டரைக் கடந்த பை முதிர்ந்ததாகக் கருதப்படும். கருப்பையின் உட்சவ்வு 7 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருப்பதையும் உடன் பார்ப்பார்கள்; குளோமிஃபீன் இந்தச் சவ்வை மெலியச் செய்யக்கூடும் என்பதால் அந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த அளவு முக்கியமானது.

ஸ்கேனின் உண்மையான பெருமை நாள் குறிப்பதில் இல்லை. 20 மில்லிமீட்டர் பை இன்று இரவே வெடிக்கலாம், நாளை மறுநாளும் வெடிக்கலாம். ஸ்கேன் மட்டும் அதைச் சொல்ல முடியாது. அது வேறு எந்த வழியாலும் காட்ட முடியாத ஒன்றைக் காட்டுகிறது: எத்தனை முட்டைகள். முதிர்ந்த பைகள் மூன்று, நான்கு என்று போகும்போது இரட்டைக் கருவும் மூன்று கருவும் உண்டாகும் அபாயம் கூடுகிறது. அத்தகைய கருப்பம் குறைமாதப் பிரசவத்துக்கும் தாயின் இரத்த அழுத்தச் சிக்கல்களுக்கும் இட்டுச்செல்கிறது. அந்த மாதம் உறவையே தவிர்க்குமாறு மருத்துவர் சொன்னால் அது ஏமாற்றம் தரும், ஆனால் ஸ்கேன் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள். பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களிடம் நடந்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. கருவுற்றவர்களில் இரட்டைக் கரு கண்டவர்கள் முறையே 3.4 விழுக்காடும் 7.4 விழுக்காடும். நாளைச் சரியாகக் குறிப்பதைவிட மருந்தைச் சரியாகத் தேர்வதே முடிவை அதிகம் மாற்றக்கூடும் என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன.

மருந்துக்குச் சினைப்பை அசையவே இல்லை என்பதும் ஸ்கேனில்தான் தெரியும். அது தெரிந்தால் அளவைக் கூட்டலாம். தெரியாவிட்டால் முட்டையே இல்லாத மாதத்தில் தம்பதியர் நாள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். குளோமிஃபீன் எடுப்பவர்களுக்கு முதல் சுழற்சியிலாவது ஸ்கேன் வேண்டும் என்று நைஸ் வழிகாட்டுதல் சொல்வதோ, பல கரு உண்டாகும் அபாயத்தைக் குறைக்கும் அளவில் மருந்து இருப்பதை உறுதிசெய்வதற்காக. ஊசி மருந்துகளால் முட்டையை வளர்ப்பவர்களுக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் ஸ்கேன் கட்டாயம். அதில் தேர்வுக்கே இடமில்லை.

இதன் விலை வெளிப்படையானது: ஒவ்வொரு முறையும் அரைநாள் விடுப்பு, காத்திருப்பு, உடல் கூச்சம். மறைவானது மில்லிமீட்டர் பித்து. நேற்று 17, இன்று 16.5 என்று அறிக்கை வந்தால் பை சுருங்கிவிட்டது என்று அழுபவர்கள் இருக்கிறார்கள்; எடுப்பவர் மாறினாலோ கோணம் மாறினாலோ ஓரிரு மில்லிமீட்டர் வேறுபடுவது சாதாரணம். இதைவிடக் கேடானது, ‘முட்டை வெடித்துவிட்டது’ என்று ஸ்கேனில் உறுதியான பிறகுதான் உறவு என்று காத்திருப்பது. வெடித்தது தெரியும் நேரத்தில் அந்த 12 முதல் 24 மணி நேரத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை யாரும் சொல்ல முடியாது.

வழி 4: ஸ்கேனோடு முட்டை வெடிக்கும் ஊசி

மற்றவற்றைவிடப் பெரிதாக வளர்ந்த தலைமைப் பை 18 முதல் 20 மில்லிமீட்டரை எட்டியதும் எச்.சி.ஜி. ஊசி போட்டால், உடலின் எல்.எச். ஏற்றத்தை அது போலச் செய்து, ஏறத்தாழ 36 முதல் 40 மணி நேரத்தில் முட்டையை வெளிவரச் செய்கிறது. மணிக்கணக்கில் நேரம் குறித்துத் தருவது இந்த ஒரு வழி மட்டுமே. அந்தத் துல்லியம் எங்கே தேவை என்பதுதான் கேள்வி.

சோதனைக் குழாய் முறையில் அது உயிர்நாடி. ஊசி போட்டதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுக்க வேண்டும். சொன்ன நேரத்தை இரண்டு மணி நேரம் தவறவிட்டால்கூட உடனே மருத்துவமனைக்குச் சொல்லியாக வேண்டும். விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையிலும் துல்லியம் பயன்படுகிறது, ஏனெனில் கழுவிச் செலுத்தப்பட்ட விந்தணு, உறவின் வழியே சளியில் தங்கிக் காத்திருக்கும் விந்தணுவைப் போல நீண்ட நேரம் இருப்பதில்லை. ஊசிக்குப் பின் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் அதைச் செலுத்துகிறார்கள். அங்கேயும் ஊசிக்கு மாற்றே இல்லை என்று கொள்ள வேண்டியதில்லை: ஐ.யு.ஐ.க்கு நேரம் குறிக்கும் முறைகளை ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வில், ஊசி சிறந்ததா சிறுநீர்ப் பட்டை சிறந்ததா என்று பிரித்துச் சொல்லச் சான்று கிடைக்கவில்லை. மருத்துவமனை வேலைநேரத்துக்கும் விடுமுறை நாளுக்கும் ஏற்ப நாளை அமைத்துக்கொள்ள முடிவதே ஊசியின் நடைமுறை வசதி.

மாத்திரை எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இயல்பான உறவால் முயல்பவர்களுக்கோ, ஊசியைச் சேர்ப்பதால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. உடலே எல்.எச். ஏற்றத்தை உண்டாக்கும் நிலையில் ஊசி அதே வேலையை மறுமுறை செய்கிறது. ஏற்றம் வராதவர்கள், பை வளர்ந்தும் வெடிக்காமல் நின்றுபோகும் பழக்கம் ஸ்கேனில் கண்டறியப்பட்டவர்கள் ஆகியோருக்கு அது பொருத்தமானது. போட்டுக்கொண்டால் அன்றிரவும் அடுத்த இரண்டு நாளும் உறவு கொள்வது நல்லது. 36 மணி நேரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மறைவான விலை இங்குதான் அதிகம். எச்.சி.ஜி. என்பது கருப்பப் பரிசோதனை தேடும் அதே ஹார்மோன் என்பதால், ஊசி போட்ட 10 முதல் 14 நாள் வரை வீட்டுப் பரிசோதனையில் பொய்யாகக் கோடு தெரியலாம். அதைக் கண்டு மகிழ்ந்து, சில நாளில் மாதவிலக்கு வந்து உடைந்துபோவது தவிர்க்கக்கூடிய துயரம். பல பைகள் வளர்ந்திருக்கும்போது போட்டால், அத்தனையும் வெடிக்கக்கூடும். சினைப்பை மிகைத்தூண்டல் என்ற நிலையும் உண்டாகலாம். வயிறு வேகமாக உப்புதல், ஓரிரு நாளில் எடை ஏறுதல், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவை தெரிந்தால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதனாலேயே ஸ்கேன் பார்க்காமல் இந்த ஊசியைப் போடுவது எந்தச் சூழலிலும் சரியன்று.

தேர்ந்தெடுத்த பிறகு எத்தனை மாதம்

முட்டை வளர்க்கும் மாத்திரையோடு இயல்பான உறவால் முயலும் பெரும்பாலோருக்கு என் பரிந்துரை ஒரு கலவை: முதல் சுழற்சியில் ஸ்கேன், மருந்தின் அளவு நிலைபெற்ற பின் பட்டையோ ஒருநாள் விட்டு ஒருநாளோ, கூடவே ஒருமுறை புரோஜெஸ்டிரான் பரிசோதனை. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள் பட்டையைவிட ஸ்கேனையும் புரோஜெஸ்டிரானையும் நம்பலாம். ஐ.யு.ஐ. செய்பவர்களும் ஊசி மருந்தால் முட்டை வளர்ப்பவர்களும் ஸ்கேனை விட முடியாது. விந்துப் பரிசோதனையும் கருக்குழாய் அடைப்புப் பரிசோதனையும் செய்யாமல் நாள் குறிப்பதில் இறங்கியவர்கள் முதலில் அவற்றை முடிக்க வேண்டும். குழாய் இரண்டும் அடைபட்டிருந்தால் எந்த வழியின் துல்லியமும் பயன்படாது.

எல்லாம் சரியாக அமைந்த மாதத்திலும் கரு நிற்காமல் போவதே அதிகம். சிகிச்சை தேவைப்படாத 30 வயதுப் பெண்ணுக்கே ஒரு மாதத்தின் வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு. 40 வயதில் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே. ஒரு மாதம் தவறியதும் பட்டையிலிருந்து ஸ்கேனுக்கும் ஸ்கேனிலிருந்து ஊசிக்கும் தாவுபவர்கள், நாள் பிழையாகிவிட்டது என்று எண்ணித் தாவுகிறார்கள். பெரும்பாலும் பிழை எதுவும் இருப்பதில்லை. அதே சமயம், முட்டை வெளிவருவது உறுதியாகி, நாளும் சரியாக அமைந்த சுழற்சிகள் மூன்று முதல் ஆறு வரை கடந்தும் பலன் இல்லையென்றால், நாள் கணிக்கும் வழியை மாற்றுவதில் இனி ஆதாயம் இல்லை. குளோமிஃபீனை ஆறு மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்பதும் நைஸ் வழிகாட்டுதல். 35 வயதைக் கடந்தவர்கள் அந்த ஆறு மாதத்தையும் முழுதாகச் செலவிடாமல், மூன்றாம் சுழற்சி முடிந்ததும் அடுத்த சிகிச்சை என்ன, அது எப்போது என்று மருத்துவரிடம் கேட்டு நாள் குறித்துக்கொள்ளலாம்.